2008 டென்னிஸ் பருவம்

2008 டென்னிஸ் பருவம் என்பது 2008 ஆம் ஆண்டில் உலகின் பல நாடுகளில் நடைபெற்ற தொழில்முறை டென்னிஸ் போட்டிகளைக் குறிக்கும். நான்கு கிராண்ட் சிலாம் போட்டிகளுடன் பெய்ஜிங் ஒலிம்பிக் போட்டியும் இவ்வாண்டில் நடைபெற்றது. ஆடவர் தரவரிசையில் சுவிட்சர்லாந்தின் ரொஜர் ஃபெடரர் 237 வாரங்கள் தொடர்ந்து வகித்த முதலிடத்தை எசுப்பானியாவின் ரஃபாயெல் நடால் கைப்பற்றியது இப்பருவத்தின் முதன்மையான நிகழ்வாகும்.

தொடக்கம்

பருவத்தின் தொடக்கப் போட்டிகளுள் ஒன்றான சென்னை ஓப்பன், நுங்கம்பாக்கம் அரங்கில் சனவரி மாதத்தில் நடைபெற்றது. (1997 முதல் சென்னையில் நடந்துவந்த இப்போட்டி 2018 இல் புனேக்கு மாற்றப்பட்டது.) அரையிறுதியில் தன் நாட்டவரான கார்லோஸ் மோயாவை ஏறத்தாழ நான்கு மணி நேரம் போராடி வென்ற நடால், களைப்புடன் இறுதியாட்டத்தில் இறங்கினார். அதில் உருசியாவின் மிகயில் யூஸ்னி 6–0, 6–1 என அவரை எளிதாக வென்றார்.

ஆஸ்திரேலிய ஓப்பன்

மெல்பேர்ணில் இவ்வாண்டு முதல் பழைய பச்சைநிறத் தளத்திற்குப் பதிலாக நீலநிறத் தளம் பயன்படுத்தப்பட்டது. அரையிறுதியில் ஃபெடரரை நேர் செட்களில் வென்ற நோவாக் ஜோக்கொவிச், இறுதியாட்டத்தில் பிரான்சின் ஜோ-வில்ஃப்ரீட் சோங்காவை 4–6, 6–4, 6–3, 7–6 என வீழ்த்தினார். கிராண்ட் சிலாம் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் செர்பிய ஆடவர் இவரே. மகளிர் பிரிவில் மரியா ஷரப்போவா ஒரு செட்டையும் இழக்காமல் பட்டம் வென்றார். கலப்பு இரட்டையர் பிரிவில் இந்தியாவின் சானியா மிர்சா – மகேஷ் பூபதி இணை இறுதியாட்டம் வரை முன்னேறித் தோல்வியுற்றது.

பிரெஞ்சு ஓப்பன்

இப்போட்டி தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், மே 14 அன்று, அப்போது மகளிர் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த பெல்ஜியத்தின் ஜஸ்டின் ஹெனின் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பிரெஞ்சு ஓப்பனை வென்றிருந்த அவர் விலகியதால் மகளிர் பிரிவு புதிய வாகையாளருக்குத் திறந்துவிடப்பட்டது. செர்பியாவின் அனா இவானோவிச் பட்டம் வென்று, தரவரிசையிலும் முதலிடம் அடைந்தார். ஆடவர் இறுதியாட்டத்தில் நடால் 6–1, 6–3, 6–0 என ஃபெடரரை வென்று, தொடர்ச்சியாக நான்காவது முறையாக இப்பட்டத்தைப் பெற்றார்.

விம்பிள்டன்

சூலை 6 அன்று நடைபெற்ற ஆடவர் இறுதியாட்டம் டென்னிஸ் வரலாற்றின் மிகச் சிறந்த ஆட்டங்களுள் ஒன்றாகப் பலராலும் கருதப்படுகிறது. 2003 முதல் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் வென்றிருந்த ஃபெடரர், முதல் இரண்டு செட்களையும் நடாலிடம் இழந்தார். அடுத்த இரு செட்களையும் அவர் டை-பிரேக் மூலம் கைப்பற்றினார். நான்காவது செட்டில் தோல்விக்கு ஒரு புள்ளி மட்டுமே எஞ்சியிருந்த நிலையிலிருந்து இருமுறை மீண்டார். மழையால் ஆட்டம் இருமுறை தடைபட்டது. இருள் சூழ்ந்துகொண்டிருந்த வேளையில் நடால் 6–4, 6–4, 6–7, 6–7, 9–7 என வென்றார். ஆட்டம் 4 மணி 48 நிமிடங்கள் நீடித்தது. புல்தரையில் ஃபெடரர் பெற்றுவந்த 65 தொடர் வெற்றிகள் இத்துடன் முடிவுற்றன. 1980 இல் பியோன் போர்கிற்குப் பின்னர் ஒரே ஆண்டில் பிரெஞ்சு ஓப்பனையும் விம்பிள்டனையும் வென்ற முதல் ஆடவர் நடால் ஆவார்.

மகளிர் பிரிவில் வீனஸ் வில்லியம்ஸ் தன் தங்கை செரீனாவை வென்று ஐந்தாவது முறையாகப் பட்டம் பெற்றார். பின்னர் சகோதரிகள் இருவரும் இணைந்து இரட்டையர் பட்டத்தையும் வென்றனர்.

ஒலிம்பிக் போட்டி

பெய்ஜிங்கில் நடால் சிலியின் ஃபெர்னாண்டோ கொன்சாலசை வென்று தங்கப் பதக்கம் பெற்றார். அதனையடுத்து ஆகத்து 18 அன்று தரவரிசையில் முதலிடத்திற்கு உயர்ந்தார். மகளிர் ஒற்றையரில் உருசியாவின் யெலேனா டெமென்டியேவா தங்கம் வென்றார். ஆடவர் இரட்டையர் காலிறுதியில் இந்தியாவின் பயஸ் – பூபதி இணையை வென்ற ஃபெடரர் – வாவ்ரிங்கா இணை தங்கத்தையும் கைப்பற்றியது.

யூ.எஸ். ஓப்பன்

முதலிடத்தை இழந்த ஃபெடரர், பிரித்தானியாவின் ஆண்டி மரேயை 6–2, 7–5, 6–2 என வென்று, தொடர்ந்து ஐந்தாவது முறையாக இப்பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். இது அவரது 13 ஆவது கிராண்ட் சிலாம் ஒற்றையர் பட்டமாகும். மகளிர் பட்டத்துடன் தரவரிசை முதலிடமும் செரீனா வில்லியம்சைச் சேர்ந்தது. லியாண்டர் பயஸ், சிம்பாப்வேயின் காரா பிளாக்குடன் இணைந்து கலப்பு இரட்டையர் பட்டம் வென்றார்.

பருவ இறுதி

* சாங்காயில் நடந்த ஆடவர் மாஸ்டர்சு கோப்பை: நோவாக் ஜோக்கொவிச்
* தோகாவில் நடந்த மகளிர் பருவ இறுதிப் போட்டி: வீனஸ் வில்லியம்ஸ்
* டேவிஸ் கோப்பை: எசுப்பானியா (காயமுற்ற நடால் இல்லாமலேயே அர்கெந்தீனாவை அதன் சொந்த மண்ணில் 3–1 என வென்றது)
* பெட் கோப்பை: உருசியா

மகளிர் தரவரிசையில் ஹெனின், ஷரப்போவா, இவானோவிச், யெலேனா யாங்கோவிச், செரீனா என ஐவர் இவ்வாண்டில் முதலிடம் வகித்தனர். ஆண்டிறுதியில் முதலிடத்தில் இருந்தவர் யாங்கோவிச். ஒரு கிராண்ட் சிலாம் ஒற்றையர் பட்டமும் பெறாமலேயே அவர் இந்நிலையை அடைந்தார்.