ஷூ பெட்டி அளவு ஸ்பீக்கருக்கு 2 லட்சம் ரூபாயா? கையால் செய்யும் பட்டறையில் அப்படி என்னதான் நடக்கிறது?

உயரம் 30 சென்டிமீட்டர். அகலம் 19 சென்டிமீட்டர். எடை 5 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பார்த்தால் ஷூ பெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரிதான் இருக்கும். ப்ளூடூத் கிடையாது, ரிமோட் கிடையாது. தனியாக ஆம்ப்ளிஃபையர் வாங்கி ஒயர் இழுத்தால்தான் சத்தமே வரும். ஆனால், இன்று புதிதாக ஒரு ஜோடி வாங்க 2,000 பவுண்டுக்கு மேல் வேண்டும். நம்ம கணக்கில் 2 லட்சம் ரூபாயைத் தாண்டும்.

இந்த ஸ்பீக்கரின் பெயர் எல்எஸ் 3/5ஏ. வடிவமைத்தது எந்த ஆடியோ கம்பெனியும் இல்லை, பிரிட்டனின் பிபிசி. சுமார் 50 வருடம் பழைய டிசைன். இப்போதும் இங்கிலாந்தில் சின்னச் சின்னப் பட்டறைகளில் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துச் செய்கிறார்கள்.

இந்தக் காசு எதற்குப் போகிறது? மரத்துக்கா, பெயருக்கா, இல்லை உண்மையிலேயே சத்தத்துக்கா? விரிவாகப் பார்க்கலாம்.

பிபிசி ஏன் ஸ்பீக்கர் செய்தது?

ரேடியோ நிலையத்தில் ஸ்பீக்கர் என்பது பாட்டு கேட்டு ரசிக்கும் பொருள் அல்ல, அது ஒரு அளவுகோல். மைக்கில் பேசுபவரின் குரல் கரகரக்கிறதா, மைக் சரியான தூரத்தில் இருக்கிறதா, பின்னால் ஏதாவது இரைச்சல் வருகிறதா என்பதை அதைக் கேட்டுத்தான் இன்ஜினியர் முடிவு செய்வார். ஸ்பீக்கரே குரலை மாற்றிக் காட்டினால் முடிவும் தப்பாகிவிடும்.

இதற்காக பிபிசியின் ஆராய்ச்சித் துறை தானே ஸ்பீக்கர்களை வடிவமைத்தது. லண்டனுக்குத் தெற்கே, சர்ரே மாவட்டத்தில் உள்ள கிங்ஸ்வுட் வாரன் என்ற பழைய மாளிகையில் 1948 முதல் 2010 வரை அந்தத் துறை இயங்கியது. 1970-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு சோதனை நடந்தது. புதிய ஸ்டூடியோ கட்டுவதற்கு முன், அதை எட்டில் ஒரு பங்கு அளவில் பொம்மை மாதிரி கட்டி, உள்ளே ஒலி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தார்கள். அந்த வேலைக்குச் செய்த குட்டி ஸ்பீக்கரில் இருந்துதான் எல்எஸ் 3/5 பிறந்தது.

பெயரிலேயே விவரம் இருக்கிறது. எல்எஸ் என்றால் லவுட்ஸ்பீக்கர். 3 என்பது ஸ்டூடியோவுக்கு வெளியே ஒலிபரப்பும் வேலைக்கானது என்பதற்கான குறியீடு. 5 என்பது மாடல் எண். வெளி ஒலிபரப்பு வேன்களுக்குள் இடம் குறைவு என்பதால் இந்த அளவு.

சரி, கடைசியில் இருக்கும் 'ஏ' எதுக்கு? அங்கேதான் கதையே ஆரம்பிக்கிறது.

'ஏ' என்ற ஓர் எழுத்து சொல்லும் கதை

எல்எஸ் 3/5-க்குள் இரண்டு ஸ்பீக்கர் யூனிட்கள். கனமான ஒலிக்கு பி110 என்ற வூஃபர், கீச்சு ஒலிக்கு டி27 என்ற ட்வீட்டர். இரண்டையும் செய்தது மெய்ட்ஸ்டோன் நகரில் இருந்த கெஃப் நிறுவனம். முன்னாள் பிபிசி இன்ஜினியர் ரேமண்ட் குக் 1961-ல் தொடங்கிய நிறுவனம் அது.

டிசைன் முடிந்த பிறகு, அந்த யூனிட்களின் தயாரிப்பில் மாற்றங்கள் வந்தன. கண்ணுக்குத் தெரியாத மாற்றம்தான். ஆனால் அளந்து பார்த்தபோது பழைய ஸ்பீக்கரும் புதிய ஸ்பீக்கரும் ஒரே மாதிரி பேசவில்லை. பிபிசி மறுபடி உட்கார்ந்து டிசைனைத் திருத்தியது. திருத்திய வடிவத்துக்குத்தான் 'ஏ'. 1976-ல் ஹார்வுட், வாட்டன், மில்ஸ் ஆகிய மூன்று இன்ஜினியர்கள் இதன் முழு விவரத்தையும் ஆராய்ச்சி அறிக்கையாகவே வெளியிட்டார்கள்.

டிசைன் காகிதத்தில் ஒன்றுதான். ஆனால் கோன் செய்யும் பொருளோ, பூசும் பசையோ, மரமோ லேசாக மாறினாலும் சத்தம் மாறிவிடும். இப்படிப்பட்ட பட்டறையில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி, இந்த மாற்றத்தைப் பிடித்து நிறுத்தும் வேலைதான்.

பட்டறைக்குள் முதல் நிறுத்தம்: தச்சு வேலை

உள்ளே போனதும் முதலில் வருவது மர வாசனை. எல்எஸ் 3/5ஏ பெட்டிக்கு 12 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட். உள் மூலைகளில் பீச் மரச் சட்டங்கள்.

விலை உயர்ந்த ஸ்பீக்கர் என்றால் பலகை தடிமனாக இருக்கணும்னு பலரும் நினைப்பார்கள். பிபிசி நேர்மாறாக யோசித்தது. எந்தப் பெட்டியைத் தட்டினாலும் அதற்கென்று ஓர் அதிர்வு உண்டு. பலகை தடித்து விறைப்பானால், அந்த அதிர்வு மனிதக் குரல் இருக்கும் இடத்துக்கு ஏறிவரும். நம் காது கூர்மையாகக் கேட்கும் பகுதியும் அதுதான். பலகை மெல்லியதாக இருந்தால் அதிர்வு கீழே இறங்கும். உள்பக்கம் தார் கலந்த ஷீட்டை ஒட்டினால் சீக்கிரம் அடங்கியும் விடும். அதனால்தான் மெல்லிய பலகை, உள்ளே கனமான ஒட்டு. முன்பலகையையும் பின்பலகையையும் ஒட்டாமல் திருகாணி போட்டு முடுக்குகிறார்கள்.

எல்லோரும் இந்த வழியில் போவதில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள வில்சன் ஆடியோ, பெட்டி அசையவே கூடாது என்று கனமான கலப்புப் பொருட்களில் செய்கிறது. இரண்டு வழியிலும் நல்ல ஸ்பீக்கர் வந்திருக்கிறது.

பெட்டியின் மேல் ஒட்டும் வெனீரும் வெறும் அலங்காரம் இல்லை. பலகையின் ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் ஈரப்பதம் மாறும்போது பலகை வளைந்துவிடும். அதனால் உள்பக்கமும் ஒரு தாள் ஒட்டுவார்கள். ஜோடியின் இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே மரத்துண்டில் அடுத்தடுத்து சீவிய தாள்களை எடுப்பார்கள். மர வரி ஒன்றுக்கொன்று பொருந்தி வருவது அப்படித்தான்.

இரண்டாவது நிறுத்தம்: கோன், காயில், பசை

ஸ்பீக்கர் எப்படி வேலை செய்கிறது? காந்தத்தின் இடைவெளிக்குள் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று தொங்கும். அதுதான் வாய்ஸ் காயில். மின்சாரம் ஏறி இறங்கும்போது காயில் முன்னும் பின்னும் ஓடும். அதோடு ஒட்டிய கோன் காற்றைத் தள்ளும். அந்தக் காற்றுதான் ஒலி.

காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மில்லிமீட்டருக்கும் குறைவு. காயில் துளி சாய்ந்தாலும் உரசும், உரசினால் கரகரப்பு வரும். அதனால் மெல்லிய தகட்டைச் சுற்றிலும் செருகி, காயிலை நடுவில் நிறுத்திவிட்டுத்தான் பசை வைப்பார்கள். பசை இறுகிய பிறகே தகட்டை உருவுவார்கள். அவசரப்பட முடியாத வேலை இது.

பி110 வூஃபரின் கோன் பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக் வகை. அதை அப்படியே விட்டால் அதற்கென்று ஒரு ஒலி வரும் என்பதால் மேலே ஒரு பூச்சு அடிக்கிறார்கள். அந்தப் பூச்சு எவ்வளவு கனம் என்பதும் சத்தத்தை மாற்றும்.

மூன்றாவது நிறுத்தம்: கிராஸ்ஓவர்

ஒரே யூனிட் எல்லா ஒலியையும் தர முடியாதா? கஷ்டம். மனிதக் காது கேட்கும் மிகக் கீழான ஒலியான 20 ஹெர்ட்ஸின் அலைநீளம் காற்றில் சுமார் 17 மீட்டர். மேல் எல்லையான 20,000 ஹெர்ட்ஸில் அது 1.7 சென்டிமீட்டர்தான். ஒன்றுக்குப் பெரிய பரப்பு வேண்டும், இன்னொன்றுக்கு எடையே இல்லாத சின்னப் பரப்பு வேண்டும். அதனால் சிக்னலை இரண்டாகப் பிரித்து வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் அனுப்பும் சர்க்யூட்தான் கிராஸ்ஓவர். எல்எஸ் 3/5ஏ-வில் இந்தப் பிரிவு சுமார் 3,000 ஹெர்ட்ஸில் நடக்கிறது.

இரண்டு ட்வீட்டர்கள் ஒரே அச்சில் வந்தாலும் ஒன்று கொஞ்சம் சத்தமாகவும் இன்னொன்று கொஞ்சம் மெதுவாகவும் இருக்கும். அதனால் பிபிசி கிராஸ்ஓவரில் பல முனைகள் உள்ள ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரை வைத்தது. அந்த ட்வீட்டரை அளந்து பார்த்து, எந்த முனையில் இணைத்தால் அளவு சரியாக வருமோ அங்கே சால்டர் செய்வார்கள். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அந்த இடம் மாறலாம்.

'கையால் செய்தது' என்ற வார்த்தைக்கு உண்மையான அர்த்தம் இங்கேதான் இருக்கிறது. மரத்தை இன்று கம்ப்யூட்டர் இயந்திரம் வெட்டித் தருகிறது. அதில் தப்பில்லை, கையைவிடத் துல்லியமாகவே வெட்டும். ஆனால் கையில் இருக்கும் இந்த ஒரு யூனிட்டை அளந்து, அதற்கேற்ப இந்த ஒரு பெட்டியைத் திருத்த ஆள் நேரம் வேண்டும். விலையில் கணிசமான பங்கு அந்த நேரத்துக்குத்தான் போகிறது.

கடைசி நிறுத்தம்: காது

பெட்டி மூடியதும் அளவுச் சோதனை. எதிரொலி இல்லாத அறையில் மைக் வைத்து, கீழிருந்து மேல் வரை எல்லா அதிர்வெண்ணையும் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். அலமாரியில் ஒரு மாதிரி ஸ்பீக்கர் இருக்கும். புதிதாகச் செய்த ஒவ்வொன்றும் அதோடு ஒத்துப்போக வேண்டும், ஜோடியில் உள்ள மற்றொன்றோடும் ஒத்துப்போக வேண்டும்.

ஜோடிப் பொருத்தத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல்? இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே உட்கார்ந்து கேட்டால், பாடகர் எதிரே நடுவில் நிற்பது போல் தோன்றும். அங்கே யாரும் இல்லை, இரண்டு பக்கமும் ஒரே ஒலி வருவதால் மூளை போடும் கணக்கு அது. ஒரு பக்கம் சற்று மாறினாலும் அந்த உருவம் கலைந்துவிடும்.

பிபிசி இன்ஜினியர்கள் இன்னொரு சோதனையும் வைத்திருந்தார்கள். தினமும் பழகும் சக ஊழியரின் பேச்சைப் பதிவு செய்து, அதையும் அவர் நேரில் பேசுவதையும் ஒப்பிட்டுக் கேட்பார்கள். வயலின் எப்படி ஒலிக்கணும் என்பதில் இரண்டு பேருக்கு இரண்டு கருத்து இருக்கலாம். பக்கத்து சீட்டுக்காரரின் குரல் எப்படி இருக்கும் என்பதில் யாரும் ஏமாற மாட்டார்கள்.

பட்டறைகள் நின்றுபோனால்?

பிபிசி இந்த டிசைனைப் பூட்டி வைக்கவில்லை. ரோஜர்ஸ், சார்ட்வெல், ஸ்பெண்டார், ஹார்பெத் எனப் பல நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தது. இதில் சிலவற்றைத் தொடங்கியவர்களே பிபிசிக்காரர்கள்தான். பிபிசியில் இருந்த ஸ்பென்சர் ஹியூஸ் மனைவி டோரத்தியோடு தொடங்கியது ஸ்பெண்டார். இருவர் பெயரையும் சேர்த்தால் ஸ்பெண்டார். ஆராய்ச்சி அறிக்கை எழுதிய ஹார்வுட், ஓய்வுக்குப் பிறகு 1977-ல் தொடங்கியது ஹார்பெத். 'பெத்' என்பது அவர் மனைவி எலிசபெத்.

1990-களின் இறுதியில் பி110, டி27 யூனிட்களின் தயாரிப்பு நின்றது. பெட்டி செய்ய ஆள் இருந்தும் உள்ளே வைக்க யூனிட் இல்லை. பிறகு அவற்றை மறுபடி உயிர்ப்பித்தது ஃபால்கன் அக்கூஸ்டிக்ஸ். அதை 1972-ல் தொடங்கிய மால்கம் ஜோன்ஸ், கெஃப் நிறுவனத்தின் முதல் ஊழியர். அந்த இரண்டு யூனிட்களையும் முதலில் வடிவமைத்தவரும் அவரே. செய்த கை இருந்ததால் பொருள் திரும்பி வந்தது. எல்லாப் பொருளுக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடைப்பதில்லை.

அப்போ, இது எல்லோருக்குமா?

நிச்சயமாக இல்லை. எல்எஸ் 3/5ஏ-வில் சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் வேகமாகக் குறையும். நெஞ்சில் அடிக்கும் பேஸ் வேண்டும் என்பவர்களுக்கு ஏமாற்றம்தான். பெரிய ஹாலை நிரப்பவும் இதால் முடியாது. பேச்சு, வாய்ப்பாட்டு, சின்ன அறை என்றால் இன்றும் இது தாக்குப்பிடிக்கிறது.

எந்த பிராண்டாக இருந்தாலும், 'ஹேண்ட்மேட்' என்ற ஸ்டிக்கரைப் பார்த்துக் காசு கொடுக்கும் முன் இவற்றைக் கேளுங்கள்:

- ஜோடியைச் சேர்த்து அளந்து பொருத்தினார்களா? அந்த அளவு விவரத்தைக் காட்ட முடியுமா?
- ஒரு யூனிட் பழுதானால் 10 வருடம் கழித்தும் பொருத்தமான யூனிட் கிடைக்குமா?
- உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரின் பேச்சுப் பதிவைப் போட்டுக் கேட்க விடுவார்களா?
- உங்கள் வீட்டு அறையில் வைத்துக் கேட்ட பிறகு முடிவு செய்யலாமா?

கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் இருக்கும் அறையில் எவ்வளவு விலை கொடுத்த ஸ்பீக்கரும் எதிரொலியோடுதான் பேசும். தரையில் ஒரு விரிப்பு, ஜன்னலுக்குத் தடிமனான திரை, ஸ்பீக்கரைச் சுவரில் இருந்து கொஞ்சம் தள்ளி வைப்பது... இதை முதலில் செய்து பாருங்கள். இப்போது வீட்டில் இருக்கும் ஸ்பீக்கரே போதும் என்று தோன்றினாலும் தோன்றலாம்.