இரத்த அழுத்தத்திற்கு ஒரு வேளை மாத்திரை வந்த கதை

1944 மார்ச் மாதம் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டை இருதய மருத்துவர் ஹோவர்ட் புருயென் பரிசோதித்தார். இரத்த அழுத்தம் 186/108. உலகப் போரை நடத்திக்கொண்டிருந்த தலைவருக்கே அழுத்தத்தைக் குறைக்க அன்று உருப்படியான மருந்து இல்லை. உப்பைக் குறைக்கவும் ஓய்வெடுக்கவும் சொன்னார்கள். 1945 ஏப்ரல் 12ஆம் தேதி மூளையில் இரத்தம் கசிந்து அவர் காலமானார்.

மருந்துக்கான வழிகளில் ஒன்று இந்தியாவில் திறந்தது. நாட்டு வைத்தியத்தில் பழகிய சர்ப்பகந்தா வேர் அழுத்தத்தைக் குறைப்பதை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் உலகுக்கு எடுத்துச் சொன்னார். 1952இல் அவ்வேரிலிருந்து ரிசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. ஆனால், சிலருக்கு அது மனச்சோர்வைத் தந்தது. 1958இல் உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் குளோரோதையசைட் விற்பனைக்கு வந்தது.

மருந்து வந்தும் சந்தேகம் தீரவில்லை. அழுத்தம் மிக அதிகமானவர்களுக்குச் சரி. தலைவலிகூட இல்லாமல் நடமாடுகிறவர்களுக்கு எதற்கு மருந்து?

இதற்கு விடை தந்தவர் எட்வர்ட் ஃபிரீஸ். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் கீழ் அழுத்தம் 90 முதல் 114 வரை இருந்த 380 ஆண்களை அவரது குழு ஆராய்ந்தது. 186 பேருக்கு மருந்து, 194 பேருக்கு வெற்று மாத்திரை. 1970இல் முடிவு வெளிவந்தது. அழுத்தம் தொடர்பான மரணங்கள் மருந்து உண்டவர்களிடையே 8, மற்றவர்களிடையே 19.

ஆனால், அந்தச் சிகிச்சை மூன்று மருந்துகளை நாளுக்குப் பல வேளை விழுங்கும் சிகிச்சை. ஒழுங்காக உண்பவர்களையே ஆய்வில் சேர்த்தார்கள். சாதாரணக் குடும்பத்தில் அது நடக்குமா? வலி இல்லாத நோய்க்கு மூன்று வேளை மருந்து என்றால், இரண்டு வேளை மறந்துபோகும்.

1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கேப்டோபிரிலையும் நாளுக்கு இரண்டு, மூன்று முறை உண்ண வேண்டியிருந்தது. 1987இல் லிசினோபிரிலும் 1992இல் அம்லோடிபினும் அங்கு அனுமதி பெற்றன. இரண்டும் ஒரு வேளை மருந்துகள். அம்லோடிபின் இரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 மணி நேரத்திற்கு மேலாகும். அதனால் 24 மணி நேரமும் அழுத்தம் ஒரே சீராக அடங்கியிருக்கிறது.

மலேசியாவில் இன்று பெரியவர்கள் பத்துப் பேரில் ஏறத்தாழ மூவருக்கு உயர் இரத்த அழுத்தம். அளவு சரியாகிவிட்டதென மாத்திரையைத் தாமாக நிறுத்துவோர் உண்டு. அளவு சரியாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். நிறுத்துவதா, குறைப்பதா என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காதது இன்று அரசாங்கக் கிளினிக்கிலேயே கிடைக்கிறது.