பேதி உப்பு பிரசவ வார்டுக்கு வந்த கதை

1/ வயிறு சுத்தமாகக் குடித்த ஒரு உப்பு, இன்று உலகம் முழுக்கப் பிரசவ வார்டுகளில் தாய்மார்களின் உயிரைக் காப்பாற்றுகிறது. பெயர் மெக்னீசியம் சல்ஃபேட். கதை பழசு, வாங்க பார்ப்போம்.

2/ லண்டனுக்குத் தெற்கே எப்சம் என்றொரு ஊர். 1618-இல் தாகத்தோடு வந்த மாடுகள்கூட அங்கிருந்த குட்டைத் தண்ணீரில் வாய் வைக்கவில்லையாம். அவ்வளவு கசப்பு! குடிச்ச மனுஷங்களுக்கு பேதியாச்சு. அப்புறமென்ன, அதுக்காகவே கூட்டம் கூடிடுச்சு. 1695-இல் நெகமையா குரூ என்ற மருத்துவர் அந்த உப்பைப் பற்றி நூலே எழுதினார்.

3/ உள்ளே என்ன இருக்கு? ஒரு மெக்னீசியம், ஒரு சல்ஃபேட், கூடவே 7 நீர் மூலக்கூறுகள். 100 கிராம் எப்சம் உப்பில் சுமார் 51 கிராம் தண்ணீர்தான்! இந்த உப்பைக் குடல் சரியாக உறிஞ்சாது. அது தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். அதான் பேதி.

4/ மெக்னீசியம் இருக்கும் இடத்தில் தாமிரம் இருந்தால் அது மயில்துத்தம், குடித்தால் விஷம். இரும்பு இருந்தால் அன்னபேதி. ரத்தசோகைக்குத் தரும் ஃபெரஸ் சல்ஃபேட் மாத்திரையில் இருப்பதும் இதே சேர்மம்தான். சல்ஃபேட் ஒண்ணுதான், கூட சேர்ற உலோகம் மாறினா குணமே மாறிடுது.

5/ இப்போ பிரசவ வார்டுக்கு வருவோம். கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவதை எக்லாம்சியா என்போம். ஒரு காலத்தில் இருட்டறையில் படுக்க வைத்து மார்ஃபின் கொடுத்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி வந்தது. ஆனாலும் பல நாடுகளில் டயஸிபாம், ஃபெனிட்டாய்ன்தான் தொடர்ந்தன.

6/ எது சிறந்தது? 1995-இல் சுமார் 1,700 பெண்களிடம் நடந்த ஆய்வு பதில் சொன்னது. மெக்னீசியம் போட்டவர்களுக்கு மீண்டும் வலிப்பு வருவது, டயஸிபாம் போட்டவர்களைவிடப் பாதியாகக் குறைந்தது. 2002-இல் 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 'மேக்பை' ஆய்வு, வலிப்பு வரும் முன்னரே போட்டாலும் ஆபத்து பாதிக்கு மேல் குறைவதைக் காட்டியது. விலையோ மிகக் குறைவு!

7/ அளவு மீறினால் மூச்சே நின்றுபோகலாம். அதனால்தான் முழங்காலைத் தட்டிப் பார்க்கிறோம், மூச்சை எண்ணுகிறோம், சிறுநீரை அளக்கிறோம். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட்டும் கைவசம் இருக்கும். ஊசி போடும்போது உடம்பு சூடேறுவது போல இருக்கும், பயப்படாதீங்க.

8/ கர்ப்பிணிக்கு விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. மருந்து தயாரா இருக்கு. நீங்க நேரத்துக்கு வந்து சேரணும், அவ்வளவுதான்.