தேவையற்றதாக இருக்கக்கூடிய மென்பொருள்

தேவையற்றதாக இருக்கக்கூடிய மென்பொருள் என்பது, நச்சுநிரல் (வைரசு) என்று உறுதியாகக் கூற இயலாததும், பயனர் விரும்பாத செயல்களைச் செய்யக்கூடும் என நச்சுநிரல் தடுப்பு மென்பொருட்களால் வகைப்படுத்தப்படுவதுமான நிரல் ஆகும். இது ஓர் எச்சரிக்கையே அன்றித் தீர்ப்பு அன்று. நிரலை நிறுவும் முடிவு பெரும்பாலும் பயனரிடமே விடப்படுகிறது.

காரணங்கள்

நம்பகமான மென்பொருட்களும் இவ்வகையில் சேர்க்கப்படுவதுண்டு. இதற்கு இரண்டு காரணங்கள் முதன்மையானவை.

உடன்வரும் நிரல்கள்: சில இலவச மென்பொருட்களின் நிறுவிகள் தொடர்பற்ற பிற நிரல்களையும் சேர்த்து நிறுவ முனைகின்றன. 2020 இல் மைக்ரோசாப்ட் நிறுவனம், சிகிளீனர் மென்பொருளின் சில நிறுவிகளை இக்காரணத்தால் இவ்வகையில் சேர்த்தது.

செயல்முறை ஒற்றுமை: எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருட்கள், பயனர் அழுத்தும் விசைகளை இடைமறித்துத் தமிழ் எழுத்துகளாக மாற்றுகின்றன. கடவுச்சொல் திருடும் உளவு நிரல்களும் விசைகளை இடைமறித்தே பதிவு செய்கின்றன. செயலின் போக்கை மட்டும் நோக்கும் தடுப்பு மென்பொருளுக்கு இவ்விரண்டையும் வேறுபடுத்துவது கடினம். மின்னொப்பம் இல்லாத, பயனர்கள் குறைவாக உள்ள தன்னார்வலர் நிரல்கள் தவறாக ஐயுறப்படும் வாய்ப்பு மிகுதி.

நிறுவும் முறை

1. உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே கோப்பைப் பதிவிறக்க வேண்டும்.
2. மின்னொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும். தளத்தில் எசுஎச்ஏ-256 மதிப்பு தரப்பட்டிருப்பின், கோப்பின் மதிப்புடன் அதனை ஒப்பிட வேண்டும்.
3. 2004 இல் தொடங்கப்பட்ட வைரசுடோட்டல் சேவையில் கோப்பைச் சோதிக்கலாம். பல தடுப்பு மென்பொருட்களின் முடிவுகள் ஒரே இடத்தில் கிடைக்கும். பதிவேற்றும் கோப்புகளைப் பிறரும் பெறக்கூடும் என்பதால், தனிப்பட்ட ஆவணங்களை அதில் ஏற்றலாகாது.
4. நிறுவும்போது, உடன்வரும் நிரல்களுக்கான தெரிவுகளை நீக்க வேண்டும்.
5. தடுப்பு மென்பொருளை முழுவதுமாக நிறுத்தாமல், குறிப்பிட்ட கோப்புக்கு மட்டும் விலக்கு அளிக்க வேண்டும். முழுக் கோப்புறைக்கு விலக்கு அளித்தால், பின்னர் அங்கு வந்து சேரும் தீநிரலும் தப்பிவிடும்.

நம்பிக்கையின் எல்லை

மென்பொருளின் நற்பெயர் மட்டும் போதுமான காப்பு அன்று. 2017 ஆகத்து மாதம் வெளியான சிகிளீனர் 5.33 பதிப்பில் ஊடுருவிகள் தீநிரலைப் புகுத்தியிருந்தனர். அது செல்லுபடியாகும் மின்னொப்பத்துடன் அதிகாரப்பூர்வமாகவே வழங்கப்பட்டு, ஏறத்தாழ 22.7 இலட்சம் கணினிகளைச் சென்றடைந்தது. ஆகவே, முன்பு எச்சரிக்கை இன்றி இயங்கிய மென்பொருளின் புதிய பதிப்பு திடீரென ஐயுறப்பட்டால், உருவாக்கியவரிடம் விளக்கம் பெறும் வரை அதனை நிறுவாதிருப்பதே பாதுகாப்பானது.