தேயிலைச் சரிவுகளில் வேர்நோய்

மூணாற்றை அடுத்த பள்ளிவாசல் என்றதும், 1940-ஆம் ஆண்டில் முத்திரப்புழை ஆற்று நீரைக் கொண்டு இயங்கத் தொடங்கிய மின் நிலையமே பலருக்கும் நினைவு வரும். அம்மலைச் சரிவுகளில் மண்ணுக்கடியில் மற்றொரு வரலாறும் உண்டு. பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழர்களாகிய நமக்கு அது அயலானதன்று.

1877-இல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். கொயினாவும் காப்பியும் பயிரிட்டுப் பார்த்தனர். முடிவில் தேயிலையே நிலைத்தது. அதற்காகச் சோலைக்காடுகள் வெட்டப்பட்டன. மரங்கள் போயின, அடிக்கட்டைகளும் வேர்களும் மண்ணிலேயே தங்கின. வினை அங்கேதான் தொடங்கிற்று.

மாதக்கணக்கில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையில் ஊறிக் கிடக்கும் கட்டைகள் காளான் இனங்களுக்கு நல்ல உணவு. அவற்றில் பெருகிய காளான், வேரோடு வேர் தொடுமிடத்தில் தேயிலைக்குத் தாவுகிறது. செவ்வேர் நோயில் வேரின்மேல் செந்நிற இழைகள் படரும். பழுப்புவேர் நோயில் மண்ணும் சிறு கற்களும் வேரோடு இறுகிக்கொள்ளும். நேற்றுவரை பசுமையாயிருந்த செடி திடீரென வாடும். காய்ந்த இலைகளோ உடனே உதிர்வதில்லை. அதற்குள் நோய் பக்கத்துச் செடிக்குப் போயிருக்கும்.

நிழலுக்கென நட்ட சில்வர் ஓக் மரங்களும் இதற்கு விலக்கல்ல. அவற்றை வெட்டியபின் நிற்கும் கட்டைகளில் காற்றில் வரும் நுண்விதைகள் விழுந்து கரிவேர் நோய் பிறக்கிறது. இலங்கையில் பேராதனையில் பணியாற்றிய பெட்ச் என்பார், தேயிலை நோய்களைப் பற்றி 1923-இல் எழுதிய நூலில் இவ்வேர்நோய்களை விரிவாக ஆராய்ந்தார். பின்னர் 1930-களில், இன்று மலாவி எனப்படும் நியாசாலாந்தில், லீச் என்பவர் எளியதொரு வழி கண்டார். மரத்தை வெட்டுமுன் அடிப்பட்டையை வளையமாக உரித்துவிட்டால், இலை சமைக்கும் உணவு வேருக்கு இறங்காது. வேரிலுள்ள மாவுச்சத்து தீர்ந்தபின் நோய்க்காளானுக்கு அங்கே பிழைப்பில்லை. கத்தி ஒன்றால் ஆகும் வைத்தியம் இது!

நோய் வந்துவிட்ட இடத்தில் வேலை கடினம். கங்காணிகளின் பின்னே போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வழியாக மலையேறிய நம் மக்களின் கைகளே இத்தோட்டங்களில் அதனைச் செய்தன. தோட்ட வரலாறுகள் துரைமார் பெயர்களை வரிசையாகச் சொல்கின்றன. மழையில் நின்று வேர் பொறுக்கியவர்களை ‘கூலிகள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. இது நமக்கு உடன்பாடன்று.

நோயுற்ற செடிகளை மட்டுமன்றி அவற்றைச் சுற்றியுள்ளவற்றையும் தோண்டி எடுக்கவேண்டும். எழுதுகோல் பருமனுள்ள வேர்த்துண்டு ஒன்றும் மண்ணில் தங்கலாகாது. எடுத்ததை அங்கேயே எரித்து, சுற்றிலும் அகழி வெட்டி, அது தூர்ந்துபோகாமல் காத்து, குவாத்தமாலாப் புல்லை ஈராண்டு வளர்த்த பின்னரே அவ்விடத்தில் மீண்டும் தேயிலை நாற்றை வைப்பார்கள்.