ஏலக்காய் வெளியேறிய வீடுகள்

தேனியில் நேரு சிலையிலிருந்து பிரியும் சாலைகளிலும், போடி, சின்னமனூர், கம்பம் கடைவீதிகளிலும் பழைய மச்சு வீடு ஒன்று தரைமட்டமாகி அடுக்குமாடி எழும்பினால், பழி முழுக்க பில்டர் தலையில் விழுகிறது. இந்தத் தலைமுறைக்குப் பழமையின் அருமை தெரியவில்லை என்ற புலம்பலும் கூடவே வரும். கடப்பாரை விழுவதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் கட்டடங்கள் வேலையிழந்துவிட்டன என்பதே என் கட்சி. அவை குடியிருக்க மட்டும் கட்டப்பட்டவை அல்ல, தொழில் நடத்தக் கட்டப்பட்டவை. தொழில் வெளியேறியது, வீடு விழுந்தது.

1895ல் பெரியாறு அணை முடிந்து, மேற்கே ஓடி வீணான தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே பள்ளத்தாக்குக்கு வந்தது. நெல் இருபோகம் விளைந்தது. 1928ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததும் ஏலமலைச் சரக்கு கீழே இறங்கிப் போக வழி பிறந்தது. நாம் இன்று பழமை என்று உருகும் கடைவீதி பெரும்பாலும் இந்தத் தண்ணீரும் ரயிலும் கொண்டுவந்த புதுப்பணத்தின் வேலை. தெருவைப் பார்த்துக் கடை, திண்ணையை ஒட்டிக் கணக்குப் பெட்டி, உள்ளே சரக்கறை, பின்னால் முற்றம், மச்சில் குடும்பம். தேக்கு உத்திரத்தின்மேல் சிறு செங்கல்லைக் குத்தவைத்துச் சுண்ணாம்பு போட்டு மெழுகிய மட்டப்பாவும், தடித்த சுவரும் அழகுக்காக மட்டும் வந்தவையல்ல. வெளிச்சம் பட்டால் ஏலக்காயின் பச்சை வெளுத்துவிடும். வெளுத்த காய்க்கு விலை இல்லை. இருட்டும் குளுமையுமான அறை வியாபாரியின் முதலீடு. பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்க, சல்லடையில் 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று ரகம் பிரிக்க, வீட்டுக்குள்ளேயே இடம் இருந்தது.

அந்த வேலை மெல்ல மெல்லக் கடைவீதியை விட்டுக் கிளம்பியது. சரக்கு லாரிக்கு மாறியது. பெரிய லாரி பழைய தெருவில் திரும்பாது. போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் கணினிக்குப் போனது. மீட்டர் கேஜ் ரயில் 2010 முடிவில் நின்று, அகலப்பாதையாகி மறுபடி போடிக்கு வர 2023 ஆயிற்று. தேனியில் பேருந்து நிலையமே ஊருக்கு வெளியே நகர்ந்துவிட்டது. சரக்கு போன வீட்டில் வாடகைக்காரர்கள் மிஞ்சினார்கள். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவர்களைக் காத்தது, நியாயமான காரியம்தான். ஆனால் சொற்ப வாடகை வாங்கிக்கொண்டு உத்திரத்தை மாற்ற எந்த உரிமையாளருக்கு மனம் வரும்? அதே சட்டம், இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறேன் என்றால் வெளியேற்றலாம் என்று வழியும் வைத்திருந்தது. பராமரிப்பை நட்டமாக்கி, இடிப்பதை லாபமாக்கிய ஏற்பாடு அது. வாரிசுகள் பெருகியபோது முற்றத்தை எட்டாக வகுக்க முடியாது, எட்டு ஃபிளாட்டாக வகுக்கலாம். இதில் பில்டர் கடைசியில் வந்து சேர்ந்தவர்தான்.

செட்டிநாட்டில் வீடுகள் விடுதிகளாகிப் பிழைக்கவில்லையா என்று கேட்பார்கள். சில பிழைத்தன, தூணும் கதவுமாகக் கழற்றி விற்கப்பட்டவையும் உண்டு. நம் பக்கம் சுருளிக்கும் மேகமலைக்கும் வருகிறவர்கள் கடைவீதியில் இறங்குவதே இல்லை. பாரம்பரியச் சட்டம் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012ல் நிறைவேறி, நடைமுறைக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் ஆனது. அது போடி ஜமீன் அரண்மனை போன்றவற்றுக்கு உதவலாம். ஒரு கமிஷன் கடைக்காரரின் வீட்டுக்கு வராது. விரிசல் விட்ட சுவருக்குக் கீழே ஜனங்களை உட்காரவைப்பதும் தர்மமல்ல. ஆகவே எல்லாவற்றையும் காப்பாற்று என்ற கோஷத்தில் எனக்கு நம்பிக்கையில்லை.

ஆனால் இடிக்க வரும் ஒப்பந்ததாரர் இன்றைக்கும் முதலில் தேக்கு உத்திரங்களைத்தான் எண்ணுகிறார். மரக்கணக்கு அவர் கையில் துல்லியமாக இருக்கிறது. எந்த அறையில் சரக்கு, எந்த வாசல் வழியே பெண்கள் வேலைக்கு வந்தார்கள் என்ற கணக்கு மட்டும் எந்த அலுவலகத்திலும் இல்லை. புதுக் கட்டடத்துக்கு வரைபடம் கேட்கும் நகராட்சி, இடிபடும் கட்டடத்துக்கும் ஒரு அளவு வரைபடமும் பத்துப் படங்களும் கேட்டு வாங்கி வைக்கட்டும். உரிமையாளருக்கு அது ஒருநாள் செலவு.