சம்பளம்

சம்பளம்: செய்யும் வேலைக்காகக் குறித்த காலந்தோறும், பெரும்பாலும் மாதந்தோறும், பெறும் பணம். அன்றாடம் வாங்குவது கூலி. பள்ளியில் பிள்ளைகளுக்குக் கட்டும் கட்டணத்தையும் முன்பு சம்பளம் என்றே சொன்னார்கள்.

சொல்லின் பிறப்புப் பற்றி இரு கருத்துகள் உண்டு. சம்பா நெல்லும், அளம் எனப்படும் உப்பும் கூலியாக அளக்கப்பட்டதால் சம்பளம் ஆயிற்று என்பது தேவநேயப் பாவாணர் முதலானோர் வழி பரவிய விளக்கம். உப்பு வணிகரான உமணர் உப்பைக் கொடுத்து நெல் வாங்கியதை அகநானூறு சொல்வதால் பலரும் இதை எளிதில் ஏற்கிறார்கள். ஆனால் உமணர் செய்தது வணிகம். அதைக்கொண்டு ஊதியத்தின் பெயரை நிறுவ முடியாது. இரண்டாவது கருத்து, இது வடமொழியிலிருந்து வந்தது என்பது. அங்கே சம்பலம் என்றால் வழிப்பயணத்துக்கான கட்டுச்சோறு, வழிச்செலவு. கன்னடத்திலும் மலையாளத்திலும் இச்சொல் ஊதியம் என்ற பொருளிலேயே வழங்குவதையும் சேர்த்துப் பார்த்தால் இதுவே வலுவான வழி. உப்பு விளக்கத்தைப் போலவே, ரோமப் படைவீரர் உப்பையே ஊதியமாக வாங்கினர் என்ற கதைக்கும் பழைய சான்று இல்லை. லத்தீன் 'சலாரியும்' உப்பின் பெயரடியாக வந்தது என்பது மட்டும் உண்மை.

எப்படியானாலும் தமிழில் ஊதியச் சொற்கள் சோற்றை விட்டு விலகவில்லை. கூலி, தானியத்தைக் குறிக்கும் கூலத்தோடு சேர்த்து எண்ணப்படுவது. உடல் வருந்தியதன் பயனைக் கூலி என்றே குறள் சொல்கிறது. பஞ்சப்படி, பயணப்படி என்பவற்றில் உள்ள 'படி', நாளுக்கு இவ்வளவு என்று உணவுக்கு அளந்த படி. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் அமர்த்திய ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல்.

அந்தப் பங்கு என்ற சொல் கடற்கரையில் இன்றும் உயிரோடு இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் விசைப்படகுத் துறைகள். பாக் நீரிணைப் பகுதியின் விசைப்படகுத் தொழிலில் மாதச் சம்பளத்தைவிடப் பங்குமுறையே பெருவழக்கு. மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ் செலவு கழித்து, மிஞ்சியது படகு உரிமையாளருக்கும் கடலுக்குப் போனவர்களுக்கும் பிரியும். நட்டம் இருவருக்கும் பொது என்பார்கள்; ஆனால் மீன்பாடு இல்லாத நாளில் வெறுங்கையோடு வீடு திரும்புபவர் உழைத்தவரே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும்; பங்கும் நின்றுவிடும். அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பங்கள் பெறுவது அரசின் நிவாரணத் தொகை; அது சம்பளம் ஆகாது.